ஆஸ்டருக்குப் போர்த்திய கம்பளி

சிவலிங்கம் கோத்தகிரியில் காலமானார் என்ற செய்தி, சவூதியின் தபூக் கேம்ப்பில் ஒன்றாக இருந்த நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஷார்ஜா ரோலாவில் மகன் வீட்டில் இருந்து அதைப் படித்தேன். முன்பெல்லாம் யாராவது படித்துச் சொல்வார்கள். இப்போது மருமகளிடம் எழுத்துக் கற்றிருக்கிறேன். மெதுவாகப் படித்ததால் அவர் பெயர் எழுத்து எழுத்தாகத்தான் வந்தது. இதையும் நானே எழுதுகிறேன். எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல நன்றாக இருக்கிறது.

தபூக்கில் சிவலிங்கமும் நானும் ஒரு பண்ணை வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தோம். எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, கஃபீலின் தாயார் ஆசையாக வாங்கிவைத்த ஆஸ்டர் செடிகள் ஒரு பாத்தி நிறைய ஊதாவாகப் பூத்தன. பூ முடிந்ததும் தண்டெல்லாம் விறகுக் குச்சியாகிவிட்டது. "கலாஸ், முடிந்தது, பிடுங்கிப் போடு," என்றார் ஃபோர்மேன். நான் மண்வெட்டியை எடுத்தேன். சிவலிங்கம் குறுக்கே வந்தார்.

"ஏனுங்க மாப்ளே, தூங்குறவனப் போயி பொதைக்கப் பாக்குறீங்க? வேரு உசுரோட இருக்குதுங்க."

குளிர் போனபின் துளிர்க்காவிட்டால், சிவலிங்கம் கட்டட சைட்டில் சிமெண்ட் சுமக்கப் போக வேண்டும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். சிவலிங்கத்துக்கு முழங்கால் வலி. இருந்தும் "அச்சா பாய்" என்று ஒப்புக்கொண்டார்.

அவர் உறைபனி விழும் மலையில் பிறந்தவர். நான் ராமநாதபுரத்துக்காரன், என் குளிரெல்லாம் ஒரு துண்டோடு முடிந்துவிடும். வெயிலுக்குப் பயந்து மாலையில் தண்ணீர் விடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அதை அவர் நிறுத்தினார். "ஈரக் காலோட நம்மாலயே படுக்க முடியாதுங்க," என்பார். மண் காய்ந்தால் மட்டும், வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் ஊற்றுவோம். காய்ந்த தண்டுகளையும் வெட்ட விடவில்லை.

பனி அவர் நினைத்ததற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு மாலை காற்று நின்று வானம் துடைத்தாற்போல் இருந்தது. மூடுவதற்கு ஓலை வெட்டி வைக்கவில்லை. நேராக ரூமுக்குப் போய், லீவுக்குக் கொண்டுபோகக் கட்டிவைத்திருந்த புலிப்படம் போட்ட கம்பளியைப் பிரித்து எடுத்து வந்தார். அது போதவில்லை. நண்பர்களே, அன்று உங்கள் கம்பளிகள் காணாமல் போனது அதனால்தான். காலையில் பாத்தியின் மேல் புலிகள் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன.

கேம்ப்பில் டீ போடும் காசிம் பாய் வந்து பார்த்தார். "ராத்திரிபூரா நான் நடுங்கிக் கெடக்கேன். இங்க பூவுக்குக் கம்பளியாக்கும்?"

"உங்களுக்கு வாய் இருக்குது, கேட்டுப்போட்டீங்க. அதுக்கு இல்லீங்களே பாய்."

ஆனால் கனத்த கம்பளி நனைந்து ஈரத்தைத் தேக்கியது. வேர் அழுகிவிடும் என்று கண்டதும், "கெடுத்துப்போட்டனுங்க மாப்ளே," என்று தானே சொல்லி, அன்றே பேரீச்ச ஓலை வெட்டிக் காற்றுப் புகும்படி பரப்பினார். பிறகு குளிர் முடியும்வரை ஒரு பச்சையும் தெரியவில்லை. ஃபோர்மேன் வரும்போதெல்லாம் சைட்டுக்குப் போகும் வண்டியைக் காட்டிச் சிரிப்பார்.

வெயிலில் சூடு திரும்பிய ஒரு காலை, சிவலிங்கம் ஓலையை விலக்கி, பழைய தண்டின் அடிமண்ணை விரலால் கிளறினார். சிவப்பும் பச்சையுமாகக் குருத்துகள் நெருக்கியடித்து நின்றன. கம்பளி அழுத்திய ஒரு மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. ஃபோர்மேன் குனிந்து பார்த்தார்.

"பாய், சிமெண்டு வேற ஆளு தூக்கட்டுங்களா?" என்று சிவலிங்கம் தமிழிலேயே கேட்டார். தமிழ் தெரியாத ஃபோர்மேனுக்கு அது நன்றாகவே புரிந்தது. சிவலிங்கம் ஊருக்குப் போகும்வரை தோட்டத்திலேயே இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, காய்ந்ததைக் கண்டால் கண்ணை நம்பாமல் அடிமண்ணைத் தொட்டுப் பார்ப்பது. கோடையில் கருகிய மல்லிகைத் தொட்டியை மருமகள் நேற்று எறியப் போனாள். "இரும்மா, பாப்போம்," என்றேன்.

வேரில் உயிர் இருக்கிறதா என்று அடிமண்ணைக் கிளறிப் பார்த்தேன். இருக்கிறது.