வெறும் போத்தலை ஒருத்தரும் தரமாட்டினம்

இல்லை மரி, நான் எழுதி முடியும் வரைக்கும் நீர் சும்மா இரும், போத்தல் கழுவுறதும் தொழில் வளர்க்கிற வேலைதான். நீர் பாண்டிச்சேரிக்காரி, பிரெஞ்சு அரசாங்கக் கந்தோரில இருந்து ரெத்ரேத் எடுத்து பென்சனில இருக்கிறீர். உமக்கு வேலை எண்டால் மேசையும் கதிரையும் வேணும். எங்கட தீவுக்காரரின்ர சங்கம் என்னட்டைச் சொன்னது இதுதான்: "பூரணமக்கா, ஊரில புதுசாத் தொழில் தொடங்கிறவை சாமான் அனுப்புவினம். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில விக்க ஏலுமோ எண்டு பாருங்கோ. ஏலாட்டி ஏனெண்டு அவைக்குச் சொல்லுங்கோ." குணத்தின்ர பலசரக்குக் கடைக்குப் பின்னால ஒரு சின்ன அறை தந்தினம். ஜன்னல் இல்லை. சங்கம், கூட்டம் எண்டு ஓடித் திரிஞ்சு, கடைசியில கதவு பூட்டுற ஆளா நிண்ட ஆக்கள் இதை வாசிச்சால் தலையாட்டுவினம்.

வதனியைப் பற்றி முதல்ல சொல்லோணும். என்ர தங்கச்சியின்ர மகள். தாய் செத்தாப் பிறகு அனலைதீவில தனிய இருந்து பனம்பழ ஜாம் காய்ச்சிறாள். தமையன் சுதன் இஞ்சை பிரான்சில, பியர்ஃபித்தில. அவன் இஞ்சை ஒரு மாப்பிள்ளையைப் பாத்து வைச்சுக்கொண்டு, "ஜாம் காய்ச்சி எவள் பிழைச்சவள்?" எண்டு நிக்கிறான். அவள் என்னட்டைச் சொன்னாள், வாற பனம்பழக் காலம் வரைக்கும் பாக்கிறன், சரிவராட்டி வாறன் எண்டு. வந்தால் கலியாணம் வரைக்கும் என்னோடதான் இருப்பாள். மார்க்ஸ் டோர்மோயில என்ர வீடு ஒரு அறைதான். ஆனால் கதைக்க ஆளில்லாத ஒரு அறை எவ்வளவு பெரிசு எண்டு தனிய இருக்கிறவைக்குத் தெரியும். அவள் வெல்லோணும் எண்டுதான் நான் ஓடித் திரிஞ்சனான். வெண்டால் வரமாட்டாள் எண்டதும் தெரியும். இப்ப விளங்குதே மரி, வேலை என்னெண்டு?

லேபிளில ஒரு வெள்ளைக்காரி

முதல் வந்த பெட்டியைத் திறந்து பாத்தால், ஒவ்வொரு போத்தலிலயும் ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை பல்லுத் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். கையில பனம்பழம். அந்தப் பழத்தையும் ஆரோ பேந்து ஒட்டியிருக்கினம், அவளின்ர தலையைவிடப் பெரிசு. குணம் கடையில நிண்ட பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் வடிவா உத்துப் பாத்திட்டு, இந்த மதாம்தானோ இதைச் செய்யிறவ எண்டு கேட்டார். குணமும் வெக்கமில்லாமல் "வுய், வுய்" எண்டு தலையாட்டினான். குணம் அப்பிடித்தான். அவன்ர கலியாணத்தில மாலையை மாத்திப் போட்டிட்டும் தலையாட்டினவன். அது வேற கதை.

நான் உடன வதனிக்கு எடுத்தன். சங்கக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னவை, செய்யிற ஆளின்ர முகம் லேபிளில இருந்தால்தான் சனம் நம்பி வாங்கும் எண்டு. "ஆரடி உவள்? உன்ர படம் எங்கை?" எண்டு ஏசினன். அவள் ஆறுதலாச் சொன்னாள்: "என்ர முகத்தைப் போட்டால் கண்ணூறு படும் பெரியம்மா. அவளுக்குப் பட்டால் எனக்கென்ன?"

நல்லாயிருக்கு எண்டு சொன்ன ஆக்கள்

ஜாமை ஒரு தட்டில வைச்சு, பாண் துண்டும் வைச்சு, கடை வாசல்ல நிண்டன். வந்த சனம் எல்லாம் நக்கிப் பாத்துது. "ஓம் அம்மா, நல்லாயிருக்கு." "எங்கட சாமான் எல்லே, நல்லாயிருக்கும்." ஒருத்தர் மூண்டு துண்டு சாப்பிட்டிட்டு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். போத்தல் ஒண்டும் அசையேல்லை. எங்கட ஆக்களிட்ட உண்மை கேக்கிறது கல்லில நார் உரிக்கிறது மாதிரி. மனம் நோகும் எண்டு பொய் சொல்லுவினம், வாங்காமல் போவினம்.

ஞாயிற்றுக்கிழமை கார்ஜ் எண்ட புறநகரில இருந்து என்ர மகன் வந்தவன். பேத்தி அபிஷாவும் வந்தவள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சிலதான் வரும். அவைக்கு ஏர்ஏர் ரயில் பிடிக்க நேரமாச்சு, சோறு போட முன்னமே மகன் மணிக்கூட்டைப் பாக்கத் தொடங்கியிட்டான். பிள்ளை மட்டும் ஒரு கரண்டி ஜாமை வாயில வைச்சு முகத்தைச் சுழிச்சுது. பேந்து என்ர பிரிட்ஜைத் திறந்து, மரி எனக்குத் தந்த ஆட்டுப்பால் சீஸில கொஞ்சத்தை வெட்டி, மேல ஜாமைப் பூசி இன்னொருக்கா சாப்பிட்டுது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு படியில நிண்டு சொன்னதைத் தமிழில சொல்லுறன்: "பாணோட கைக்குது அப்பம்மா, பொய் சொல்லுறாங்கள். சீஸோட குடுங்கோ."

அடுத்த நாள் நான் சந்தியில இருக்கிற சீஸ் கடைக்காரியிட்டப் போனன். அவ ருசி பாத்திட்டு முழுப் பெட்டியையும் எடுத்தா. வீட்டை வந்து ஆருக்குச் சொல்லுறது எண்டு பாத்தன். தட்டிலயும் கரண்டியிலயும் பிள்ளை வைச்ச ஜாம் காய்ஞ்சு கிடந்தது. கழுவ மனம் வரேல்லை.

போத்தல் திரும்பி வந்த விதம்

தீவில போத்தலுக்குப் பஞ்சம். கொழும்பில இருந்து லொறியில வந்து, ஊர்காவற்துறையில வள்ளத்தில ஏறி, இறங்கேக்கை பாதி உடைஞ்சு போம். அதால வதனி, விக்கிற போத்தலை வாங்கித் திருப்பி அனுப்பச் சொன்னாள். மரி பிரெஞ்சிலயும் தமிழிலயும் வடிவா எழுதி ரெண்டு கடையிலயும் ஒட்டினவ: வெறும் போத்தலைக் கொண்டு வந்து தாருங்கோ.

சீஸ் கடையில வாங்கின பிரெஞ்சுக்காரர் வெறும் போத்தலைக் கொண்டந்து வைச்சிட்டுப் போச்சினம். எங்கட சனம் ஜாம் வாங்காட்டியும் வீட்டில கிடந்த போத்தலைக் கொண்டந்துது, ஆனால் ஒண்டும் வெறுமையாத் தரேல்லை. ஒண்டில சீனி, ஒண்டில மிளகாய்த்தூள், ஒண்டில கத்தரிக்காய்க் குழம்பு, இன்னொண்டில புட்டு. மரி தலையில கை வைச்சா. "ஏன்க்கா, வெறும் பாட்டில்னு எழுதியிருக்கேன், இவங்க படிக்கவே மாட்டாங்களா?" படிச்சவைதான் மரி. ஏனம் வெறுமையாத் திரும்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் குளிர் காலம் நான் சமைக்கேல்லை. என்ர வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை, ஆனால் லா சப்பலில இருக்கிற எல்லாற்ற அடுப்பும் என்ர மேசைக்கு வந்து போச்சு. புட்டு ஆறிப் போனாலும் இன்னொருத்தியின்ர கை ருசி தெரியும். குழம்பில ஆர் உப்புக் கூடப் போடுறவ எண்டும் தெரிஞ்சுது. அவையின்ர முகம்தான் தெரியேல்லை.

உணவகத்தில கோப்பை கழுவிற ஒரு தம்பி வந்தார். கையில போத்தல், அது நிறையக் கற்கண்டு. "இனி வெறுமையாத் தாருங்கோ ராசா, ஊருக்கு அனுப்பக் கழுவோணும்" எண்டன். அவருக்கு முகம் கறுத்துப் போச்சு. "வெறுமையாத் தந்திட்டுப் போக நாங்கள் என்ன உறவை அறுத்துக்கொண்டோ போறம், அம்மா?"

நாங்கள் மட்டும் என்ன திறமோ

கழுவின போத்தல் பெட்டி பெட்டியாக் கப்பலுக்குப் போக ஆயத்தம். கடைசிப் பெட்டியை மூடேக்கை எனக்குக் கை ஓடேல்லை. அவள் தனிய இருக்கிற பிள்ளை, வெறும் போத்தலோ அனுப்பிறது? ஒண்டில நூலும் ஊசியும் வைச்சன். ஒண்டில சொக்லேட். பேந்து எல்லாத்திலயும். மரி வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, தானும் ஒரு போத்தலுக்குள்ள மாதா படம் வைச்சா. வெளியில எழுதினது, வெறும் போத்தல்.

கொழும்பில சுங்கக்காரர் திறந்து பாத்தவை. எழுதினது ஒண்டு, உள்ளுக்கு இருக்கிறது வேறொண்டு. ஒவ்வொரு மூடியாத் திறந்து பாக்காமல் விட மாட்டம் எண்டிட்டினம். அவையில பிழை சொல்லேலாது. அதுக்கிடையில ஆவணி பிறந்து, தீவில பனம்பழம் தொப்புத் தொப்பெண்டு விழுது. பழத்தைப் பிழிஞ்சு களி எடுத்து வைச்சிருக்கிறாள், ஊத்திறதுக்கு ஒரு போத்தல் இல்லை. போனில அழுதாள். சுதன் எனக்கு எடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சு எண்டான். நான் அவளுக்கு ஒரு தலையணை வாங்கி வந்தன். வாங்கேக்கை சந்தோசமா இருந்தது. வீட்டை கொண்டு வந்து வைச்சாப் பிறகு அந்தப் பக்கம் பாக்கப் பயமா இருந்தது. சுதன் சொன்னது இன்னும் காதில கிடக்குது: "உங்கட போத்தல்தான் அவளைக் கூட்டி வருது பெரியம்மா, சந்தோசப்படுங்கோ."

பாயில காய்ஞ்ச ஜாம்

அழுதவள் அழுதுகொண்டே இருக்கேல்லை. களியை வீணாக்கேலாது எண்டு, பனாட்டுக்குச் செய்யிற மாதிரிப் பாயில பரவி வெயில்ல காயவிட்டிருக்கிறாள். ஆனால் மெல்லிசா, கடுதாசி மாதிரி, கொஞ்சம் புளியும் இஞ்சியும் சேத்து. சுருட்டி, பனை ஓலையில சின்னச் சின்னக் குட்டான் பெட்டி இழைச்சு அதுக்குள்ள வைச்சு அனுப்பினாள். போத்தலும் இல்லை, வெள்ளைக்காரியும் இல்லை. சீஸ் கடைக்காரி ஓலையை மணந்து பாத்தா, ஒரு சுருளைக் கிழிச்சு ஆட்டுப்பால் சீஸில வைச்சுக் கண்ணை மூடினா. பக்கத்துக் கடைகளுக்கும் சொன்னா. இப்ப வதனியோட அயலில நாலஞ்சு பொம்பிளையள் குட்டான் இழைக்கினம்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சுதன் இன்னொருக்கா போன் எடுக்க வேண்டி வந்துது. முந்தநாள் வதனி எனக்கு எடுத்தாள். வெண்ட பிள்ளையின்ர குரல் மாதிரி இல்லை. பின்னேரம் வள்ளம் போனாப் பிறகு தீவு எப்பிடி இருக்கும் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தாள், நான் இஞ்சை அஞ்சாம் மாடியில இருந்து ஓம், ஓம் எண்டன். பேந்து சொன்னாள்: "நான் வரேல்லைப் பெரியம்மா. நீங்கள் வாங்கோவன், எனக்கும் கதைக்க ஆளில்லை."

என்ர முழங்காலுக்கு வள்ளம் ஏறேலாது மரி, அதுக்கு மேல ஒண்டும் கேக்காதேயும். சின்னத் தீவில தொழில் வளர்க்கிற வேலையில வெற்றி எண்டால், நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிற ஆள் பிளேன் ஏறாமல் விடுறதுதான். எட குணம், வாசல்ல வந்து நிக்கிற அந்த ஓலைப் பெட்டியளை உள்ளுக்குத் தூக்கிக்கொண்டு வாரும், மழை தூறுது!