நான்கு தடவை கழுவிய குடுவை

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பத்தொன்பது வருஷமாகக் குடுவைகள் கழுவுகிறாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கழுவுவாள். கூடப் பிறந்த தங்கை அதே கூடத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்ததிலிருந்து, தங்கையின் குடுவைகளுக்கு மட்டும் நான்கு.

அந்தத் தங்கைதான் ஒன்பது நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தயாரித்த பொருளைச் சூடான எத்தனாலில் கரைத்து, மெல்ல ஆறவைத்தால் அழுக்கு திரவத்தில் தங்கிவிடும். சுத்தமானது படிகமாக இறங்கும். முதல் தடவை இறங்கவும் செய்தது. இன்னும் சுத்தமாகட்டும் என்று அதையே மறுபடி கரைத்தாள். அன்றிலிருந்து அடியில் மஞ்சள் எண்ணெய்தான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் காய்ந்த தூளைக் கொடுக்காவிட்டால் சோதனை இயந்திரத்தில் அவள் முறை போய்விடும். அடுத்தது மூன்று மாதம் கழித்து.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் எண்ணெய்தானா?"

"ஆமா. கதவு கீலுக்குப் போடலாம், எடுத்துட்டுப் போ."

"கண்ணாடிக் குச்சியால உள்ள சுரண்டினாப் படிகம் வரும்பாங்களே, பாத்தியா?"

"சுரண்டிச் சுரண்டிக் கையே தேஞ்சுடுச்சுக்கா. பழைய படிகத்துல ஒரு பொடி கிடைச்சாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் வந்துடும். மொதல் தடவை வந்ததுல கொஞ்சம் ஒரு சின்னக் குடுவை கழுத்துல ஒட்டியிருந்துச்சு. மூலையில வச்சிருந்தேன். காணோம்."

கழுத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த குடுவை. பிரஷ் போட்டுத் தேய்த்தது அக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"நான்தான்டி கழுவினேன்."

தங்கை கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

"நாலு தடவையா?"

"நாலு."

"அப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது. உன்னைத் தெரியாதா."

அக்கா கழுவும் அறைக்குப் போனாள். வடிகட்ட உபயோகித்த தாள்களை அவள் கண்ட தொட்டியில் போடுவதில்லை. தேதி எழுதிய பையில் போட்டு, மாதம் ஒருமுறை வரும் கழிவு வண்டிக்காகக் கட்டி வைப்பாள். ஒன்பது நாளைக்கு முந்தைய பையைத் தேடி எடுத்துக் கவிழ்த்தாள். தங்கையின் கையெழுத்திருந்த ஒரு தாளின் மடிப்பில் உப்புப்போல் கொஞ்சம் தூள் இருந்தது.

தங்கை அந்தத் தாளை எண்ணெய் நின்ற குடுவைக்கு மேல் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் இரண்டு பேரும் நின்றபடியே பார்த்தார்கள். பிறகு ஊசிபோல் ஒரு வெள்ளைப் படிகம் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. குடுவை முழுக்க ஊசி.

வடிகட்டி முடிக்கும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். இயந்திரம் பார்ப்பவர் சீசாவைச் சாய்த்துப் பார்த்தார். தூள் நகரவில்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஈரமா இருக்கேம்மா."

"சார், ஒரு மணி நேரம் கொடுத்தா..."

"நாளையிலேர்ந்து வேற ஆளு பேரு. நான் என்ன பண்ணட்டும்?"

திரும்பி வந்ததும் தங்கை சீசாவை மேசையில் வைத்துவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாம்க்கா."

"நீ முன்னால போ."

அக்கா மீதிக் குடுவைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். படிகம் ஒட்டியிருந்ததை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் வைத்து, நாடா ஒட்டி, கோணல் எழுத்தில் 'கழுவாதே' என்று எழுதினாள். அந்தக் கூடத்தில் குடுவை கழுவுகிறவள் அவள் ஒருத்திதான்.