பொன்னையா தையல் கடைக்கு வந்த வக்கீல் கடிதம்

ராகலைக் கடைவீதியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து எண்ணினால் நாலாவது கதவு. நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ‘பொன்னையா தையல் கடை’ என்று பத்து வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையைப் படித்துவிட்டு யாரும் உள்ளே வந்ததில்லை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படங்கு தைக்கவேண்டுமென்றால் பொன்னையா கடை என்று ஒரு தோட்டத்தார் இன்னொரு தோட்டத்தாருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஈரச் செடி உடம்பில் படாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணிதான் படங்கு. மற்றவர்கள் தைத்தது ஒரு மழைக்காலம் தாங்கும். பொன்னையா மாமா ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தது மூன்று தாங்கும்.

மாமா என்றால் சொந்தமில்லை. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா, அடுத்த அறை. அவர் மனைவி ராக்காயி அத்தையும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி மாமாவின் இடது முழங்காலில் பட்டுவிட்டது. அதன் பிறகு அந்தக் கால் சரியாக மடங்கவில்லை. மலை ஏற முடியவில்லை. கந்தப்பளையில் ஒரு முஸ்லிம் தையல்காரரிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, நாற்பத்தொன்பதில் கடை போட்டார். மிஷினை வலது காலால் மட்டுமே மிதிப்பார். அத்தை தோட்டத்து வேலையை விடவில்லை. விட்டால் தோட்டம் கொடுத்த காம்பரா போய்விடும்.

ஐம்பத்தொன்பதாம் வருடம் தை கழிந்த கையோடு, எதிர்ச்சாரியில் துணிக்கடை வைத்திருந்த சுந்தரலிங்கம் முதலாளி, பக்கத்து அறையையும் எடுத்து நாலு மிஷின் போட்டார். பலகை ஏறியது: ‘பொன்னையா டெய்லரிங் மார்ட்.’

குழப்பம் அன்றைக்கே ஆரம்பித்தது. பொன்னையா கடை பெரிதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் அங்கே போனார்கள். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிந்த படங்கோடு மாமாவிடம் வந்து சண்டை பிடித்தார்கள். மீனம்மா என்று தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, துணியை மேசையில் போட்டுவிட்டு, “நாலு மிஷினு வந்ததும் ஒங்க கையி ரெண்டும் எங்கண்ணே போச்சு?” என்று கேட்டாளாம். அது தன் கடையில்லை என்று மாமா விளக்கியிருக்கிறார். அப்படியானால் உங்கள் பேர் ஏன் அங்கே தொங்குகிறது என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

அடுத்த வாரம் நுவரெலியாவிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாமா என்னிடம் வந்தார். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கறுப்பு அங்கி போட்ட என் படம் எங்கள் காம்பராவில் மாத்திரமல்ல, மாமாவின் கடையிலும் மாட்டியிருந்தது. ஆகவே இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடந்தான் வரும்.

கடிதத்தின் சாரம் இதுதான். பொன்னையா என்னும் வியாபாரப் பெயரைத் தம் கட்சிக்காரர் அரசாங்கக் கச்சேரியில் முறைப்படி பதிந்திருக்கிறார். அதே பெயரில் அதே வீதியில் அதே தொழில் நடப்பதால் அவருக்கு நட்டம். பதினான்கு நாளுக்குள் பலகையை இறக்காவிட்டால் வழக்கு.

மாமா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எம்பேர நான் எறக்கணும்னு போட்டிருக்கா தம்பி?”

“கடைப் பேர மாமா.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒன்றுதான் என்று நானும் நினைத்தேன். நேரே முதலாளியிடம் போனோம். நியாயம் நம் பக்கம் இருக்கிறதென்ற தைரியத்தில் சற்று விறைப்பாகவே போனேன். அவர் உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். சுவரில் மாலை போட்ட படம் ஒன்றைக் காட்டினார். அவருடைய தகப்பனார். துறையூர்ப் பக்கமிருந்து வந்து தலையில் துணிமூட்டை சுமந்து இந்த மலையெல்லாம் விற்றவர். பெயர் பொன்னையா. மரணச் சான்றிதழையும் எடுத்துக் காட்டினார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

என் விறைப்பு அங்கேயே தளர்ந்துவிட்டது. அந்த மனிதரும் கள்ளமாகப் பேசவில்லை.

“அப்பா பேர வைக்க நான் யாருகிட்டங்க கேக்கணும்? இவருக்கும் அதே பேருன்னா, அப்பிடின்னு எழுதின கடுதாசி ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லுங்க தம்பி. வக்கீலுக்கிட்டக் குடுத்துட்டு நானே எம்போர்டக் கழட்டிப்புடுறேன்.”

இதைவிடச் சுலபமாக ஒரு வழக்கு முடியுமா? மாமா மட்டும் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர் காம்பராவில் தகரப் பெட்டியைத் திறந்தோம். அரிசிக் கூப்பன் புத்தகத்தை முதலில் எடுத்தேன். குடும்பத் தலைவர்: அழகன். தோட்டத்து அலுவலகமான கந்தோரில் வாங்கிய செக்ரோல் என்னும் பேர்ப்பதிவின் நகலை எடுத்தேன். அழகன். பிரஜாவுரிமை மனுவின் பிரதியை எடுத்தேன். அழகன், மனைவி ராக்காயி, பிள்ளைகள் மூவர்.

“இந்த அழகன் யாரு மாமா?”

“எங்கண்ணன்” என்றார். பிறகு, “நாந்தான்” என்றார்.

அடுத்த காம்பராவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் கதை தெரிந்தது. அண்ணன் அழகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது செக்ரோலில் பெயர் எழுதினார்கள். அதே மாதம் காய்ச்சலில் செத்துப்போனான். வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தது. தம்பிக்கு வயது போதாது. கங்காணி அவனைக் கையைப் பிடித்துப் பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் இடத்துக்கு, இழுத்துக்கொண்டுபோய், “பேரு இருக்கு, ஆளுதானே இல்ல, இவன் நிக்கட்டும்” என்று நிறுத்திவிட்டார். கிளாக்கரையா ஒரு எழுத்தைக்கூட மாற்றவேண்டியிருக்கவில்லை. அன்று முதல் பெரட்டில் அழகன் என்று கூப்பிட்டால் பொன்னையா போய் நின்றார். வீட்டிலும் வீதியிலும் பொன்னையாதான். பிறப்புப் பதிவு என்று எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்படிச் செத்தவர் பெயரில் வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. அதை யாரும் பொய்யென்று நினைத்ததில்லை.

பெட்டியின் அடியில் முத்திரை ஒட்டிய கடுதாசி ஒன்று கிடந்தது. கடை வாடகை ஒப்பந்தம், நாற்பத்தொன்பதாம் வருடத்தது. சிங்களத்தில் எழுதிய அந்த ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுப்பவர் பெயர் தெளிவாக இருந்தது: பொன்னையா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலாளி கேட்ட ஒரு கடுதாசி இதோ. காலையில் கொண்டுபோய்க் காட்டினால் பலகை இறங்கிவிடும் என்றேன். மாமா கடுதாசியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“காட்டுறேன். அது வக்கீலுக்கிட்டப் போவும். வக்கீலு கச்சேரிக்குக் கொண்டுபோவாரு. பிரஜாவுரிம பைலும் அந்தக் கச்சேரியிலதானே தம்பி கெடக்கு? அழகனுக்குத்தானே முப்பத்தொம்பதுலருந்து இங்க இருந்த அத்தாட்சி இருக்கு. பொன்னையாவுக்கு என்னா இருக்கு?”

முப்பத்தொன்பதிலிருந்து இந்த நாட்டிலேயே இருந்ததாகக் காட்டினால்தான் எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கும். எட்டு வருடமாக நகராமல் கிடந்த மனு அது. விசாரணைக்கு எந்த நாளும் கூப்பிடலாம். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கெல்லாம் மனுக்கள் தள்ளுபடியானதை நாங்கள் பார்த்திருந்தோம். தள்ளுபடியானால் மாமாவோடு முடிகிற காரியமில்லை, மூன்று பிள்ளைகளுக்கும் நாடில்லை. பொன்னையா என்று காட்டினால் கடைப் பெயர் மிஞ்சும், பிள்ளைகள் போவார்கள். அழகன் என்றே இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது, பத்து வருடம் கைவலிக்கத் தைத்துச் சேர்த்த பெயர் போய்விடும். பல்கலைக்கழகத்தில் நான் தர்க்கம் ஒரு பாடமாக எடுத்துத் தேறியவன். ஒருவன் ஒரே சமயத்தில் அவனாகவும் அவனல்லாதவனாகவும் இருக்க முடியாது என்று அங்கே படிப்பித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் இருபத்தேழு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறார்.

பத்து நாள் இப்படியே போனது. மாமா மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, தைக்காமல் பலகையை அண்ணாந்து பார்ப்பார். உண்மையைச் சொல்லிச் சத்தியக் கடுதாசி முடிக்கலாமா என்று ஒருநாள் யோசனை சொன்னேன். மறுநாள் நானே வேண்டாமென்றேன். அண்ணன் பெயரையே கடைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரட்டில் நின்றது வயிற்றுக்காக, செத்தவன் பேரை வீதியில் தொங்கவிட்டு வியாபாரம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் ராக்காயி அத்தை வேலைவிட்டு வந்தவள், கூடையை இறக்காமலே எங்கள் வாசலில் நின்று கேட்டாள்.

“தம்பி, அந்தக் கடுதாசி எல்லாத்துலயும் எம்பேரு எப்புடி இருக்கு?”

எடுத்துப் பார்த்தேன். செக்ரோலில் ராக்காயி. கூப்பனில் ராக்காயி. மனுவில் ராக்காயி. எங்கும் ஒரு எழுத்துப் பிசகில்லை.

“அப்பறம் என்னத்துக்கு ரெண்டு ஆம்பளைங்க ஒக்காந்து முழிக்கிறீங்க? எம்பேருல பதிங்க.”

படித்தவன் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மாமாவின் முகத்தில் வேறு ஏதோ ஓடியது. கடைவீதியில் சிரிப்பார்களே என்றார். மொதலாளியம்மா சம்பளம் கொடுத்தார்களா என்று கேட்பார்களே என்றார். கேட்டால் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள் என்றாள் அத்தை.

பதின்மூன்றாம் நாள் மூவரும் முதல் பஸ்ஸில் நுவரெலியாக் கச்சேரிக்குப் போனோம். சிங்களக் கிளாக்கர் ஒருவர், வயதானவர், பொறுமைசாலி. படிவத்தை நான் நிரப்பினேன். சொந்தக்காரர்: ராக்காயி. வியாபாரப் பெயர்: ராக்காயி தையல் கடை. தொழில், இடம் எல்லாம் எழுதியாயிற்று. ‘முன்பு வேறு பெயர் இருந்ததா’ என்றொரு கட்டம் வந்தது. இல்லை என்று ஒரே இழுப்பில் எழுதினேன். அந்தக் கட்டத்தை மாமா என் தோளுக்கு மேலாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதிய சொல் எதுவென்று என்னிடம் கேட்கவில்லை.

கிளாக்கர் சரிபார்த்துவிட்டு, அத்தையை நிமிர்ந்து பார்த்துத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“புருஷன் பேரு?”

அத்தை வாயைத் திறக்கவில்லை. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. தோட்டத்துக் கந்தோரில்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் சொல்லிக்கொடுப்பாள். கிளாக்கர் மறுபடி கேட்டார். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கு ஒரு பயம் பிடித்தது. அவள் சொல்லாததால் அல்ல. பழக்க தோஷத்தில் நான் முந்திக்கொண்டு பொன்னையா என்று சொல்லிவிடுவேனோ என்றுதான்.

கிளாக்கர் சிரித்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார். நீர்தானே, நீரே சொல்லும் என்பதுபோல் பேனாவை நீட்டினார்.

மாமா நொண்டிக் காலை இழுத்து நேராக நின்றார். பெரட்டில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“அழகன், தொரை” என்றார்.

கிளாக்கர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் பனி இறங்கி எதுவும் தெரியவில்லை. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் பெயின்டரைப் பிடிக்கவேண்டும், கடைக்கு வருகிற பெண்களிடம் ஒவ்வொருத்தியாகச் சொல்லி அனுப்பவேண்டும், இனிப் பொன்னையா கடை என்று கேட்டு வருகிறவர்கள் எதிர்ச்சாரிக்குத்தான் போவார்கள் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கந்தப்பளை தாண்டியதும் அத்தையின் பக்கம் திரும்பினார்.

“ஏய், அந்த ஐயா ரெண்டு தடவ கேட்டாரே. நீ வாயத் தொறந்திருந்தா, எந்தப் பேரடி சொல்லியிருப்ப?”

அத்தை முந்தானைக்குள்ளிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பைக் கிள்ளினாள்.

“அதான் சொல்லலையே” என்றாள்.