ரெஜினா அக்கா சேர்க்கச் சொன்ன கேள்வி

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது எங்கள் ஜீப் ஓட்டும் பாஷா பாய் அறை வாசலில் நின்றார். "சார், ரெஜினா அக்கா போய்ட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ளயே..." அக்கா ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் குழுவில் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் விழுந்த தாய்மார்களின் குழந்தைகள், குடியால் குலைந்த வீடுகளின் குழந்தைகள், இவர்களின் மனநலம் எப்படி வளர்கிறது என்று பிறந்தது முதல் பின்தொடரும் ஆய்வு எங்களுடையது. வருடம் ஒருமுறை வீடு தேடிப் போய்க் கேள்வி கேட்டு வந்தவர் அக்கா. அவர் கொண்டு வந்த விடைகளைக் கணினியில் அலசுபவன் நான்.

பல வருடங்களுக்கு முன் கணியம்பாடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் ஆம்பூருக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை என்பது மட்டும்தான் தெரியும். அக்கா மூன்று நாள் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒவ்வொரு கம்பெனி வாசலாக நின்று கண்டுபிடித்தார். தெருவில் யார் கேட்டாலும் "தெரிஞ்சவங்க" என்பதோடு சரி. "மனசு டாக்டர் ஆபீஸ்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும் சார், அந்தப் புள்ளைக்கு மென்டல்னே பேர் வெச்சிடுவாங்க" என்பார்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது. ஊர் மாறியதிலிருந்து பள்ளியில் வாயே திறக்கவில்லை. டாக்டரிடம் காட்டச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். தாய்க்கு லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. ஆனால் அடுத்த வருட விடைகளில் சிறுமி நன்றாகத் தேறியிருந்தாள். உதவியே இல்லாமல் ஒரு குழந்தை மீண்டிருக்கிறது என்று நான் துள்ளிக் குதித்து, கட்டுரை எழுதி, குழுக் கூட்டத்தில் வாசித்தேன். அக்கா எழுந்தார்.

"சார், அது தானா சரியாவல. நான் போனேன். சனிக்கிழமை சனிக்கிழமை."

"போய் என்ன பண்ணீங்க?"

"கூட உக்காந்து படம் போட்டேன். பேசுன்னு சொல்லவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அவளே, 'எங்க ஊரு நாயி இன்னா பண்ணுதோ'ன்னா. அப்புறம் பேச்ச நிறுத்தல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பார்த்துட்டு வரத்தானே நம்மள அனுப்புறாங்க? எதுக்குப் போனீங்க?"

"போவாம இருக்க முடியல சார். ஆனா போனத மறைச்சா தப்பு."

சிறுமியின் விடைகளைக் கட்டுரையிலிருந்து நீக்கினோம். எங்கள் தலைவி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அக்காவை ராணிப்பேட்டைப் பக்கம் மாற்றினார். அக்கா முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்: "என்னை விடுங்க மேடம். மத்த புள்ளைங்க வீட்டுக்கு யாரு போறாங்கன்னு நாம கேட்டதே இல்லியே? அதயும் சேருங்க."

அடுத்த வருடக் கேள்விப் படிவத்தில் ஒரு புதிய வரி ஏறியது: இந்த வருடம் இந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பேசிய பெரியவர் யார்? விடைகள் வரத் தொடங்கின. டியூஷன் மிஸ். தையல் மிஷின் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும் அத்தை. கம்பெனி பஸ் டிரைவர். அதுவரை அவர்கள் யாருமே என் ஆய்வில் இல்லை.

அடக்கத்துக்கு இளம் வயதினர் பலர் வந்திருந்தார்கள். எண்களாக மட்டுமே நான் அறிந்தவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். யாரென்று நான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவிட்டிருக்க மாட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான். படிவம் நீளம் என்று சொல்லி வருடா வருடம் யாராவது அதை அடிக்கப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை.