வேலி போட ஓர் உண்டியல்

இரண்டு வாரம் முன்பு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார். நம் பத்தியின் வாசகர் போலிருக்கிறது என்று நினைத்து லேசாகச் சிரித்து வைத்தேன்.

"சார், பரளச்சிப் பக்கம் ஒரு ஊருணியக் காலி பண்ணதுல நீங்களும் ஒரு ஆளுதான?"

டீ புரையேறிவிட்டது.

விஷயம் இதுதான். ஆடி மாதம் இதே பக்கத்தில் ஒரு பள்ளியின் சேவை மன்றத்தைப் பற்றி எழுதினேன். பிளஸ் ஒன் படிக்கிற பெண்கள். கடைவீதியில் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து, ஜே.சி.பி. பிடித்து, ஒரு கிராமத்து ஊருணியைச் சுற்றி மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் தூரோடு பிடுங்கிப் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் யார்? அடியேன்தான். அரிவாளைப் பிடித்து போட்டோவுக்கு நின்றேன். "நாளைய தமிழகம்" என்றெல்லாம் பேசினேன். அதை அப்படியே பத்தியாகவும் எழுதினேன். பாராட்டி நிறையப் பேர் கடிதம் போட்டீர்கள்.

அடுத்து நடந்ததை மட்டும் நான் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

ஊருணி என்றால் குடிதண்ணீர்க் குளம். அந்த ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். மழைக்கு நிறைகிற அந்த ஊருணிதான் வருஷம் முழுக்கக் குடிக்க, சோறு பொங்க எல்லாவற்றுக்கும். மூன்று பக்கக் கரையிலும் முள்ளை அடர்த்தியாக வளரவிட்டு, ஒரு பக்கம் மட்டும் படி வைத்திருந்தார்கள். ஏன்? ஆடு மாடு இறங்கக் கூடாது என்றுதான்! நாங்கள் ஊருக்குச் சேவை செய்வதாக நினைத்துப் பிடுங்கி எறிந்தது அவர்களுடைய வேலியை.

மறுநாளே ஒரு கிடை ஆடு உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த நாள் இன்னொரு கிடை. ஐப்பசி வரை வர வேண்டிய தண்ணீர் ஒரே வாரத்தில் சேறும் புழுக்கையுமாகிவிட்டது. பிடுங்கிய முள்ளைத் திருப்பிப் போட்டு அடைக்கலாம் என்றால் அதுவும் இல்லை. விறகுக்கரிக்காகக் கரிமூட்டம் போடுகிறவர், பிடுங்கிய அன்று சாயங்காலமே லோடு ஏற்றிப் போய்விட்டார்.

அந்த ஊர் பேச்சியம்மாள் நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"யாரக் கேட்டு வெட்டுனீக?"

மன்றத் தலைவி ரிஸ்வானா எழுந்து நின்றாள். "ஊர்ப் பெரியவுககிட்ட கேட்டோம்க்கா. மரத்தடியில பத்துப் பேரு இருந்தாக. சரின்னுதான் சொன்னாக."

"அவுக சொல்வாக. அவுகளா குடம் தூக்குறாக? தண்ணி எடுக்குறது நாங்க. நீங்க வந்த நேரம் நாங்க பூராம் மில்லு வேன்ல போயிட்டோம். சாயங்காலம் வந்து பாத்தா கர மொட்டையாக் கெடக்கு. இப்ப தண்ணி வேன்காரன்கிட்ட குடம் பன்னெண்டு ரூவான்னு வாங்குறோம். நாலு கொடம் வாங்குனா என் சம்பளத்துல என்ன மிஞ்சும், சொல்லு பாப்போம்?"

ஊருக்குப் போய் அனுமதி கேட்டது சரி. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மரத்தடியில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே ஊர்ப் பெண் ஒருவர்கூட இல்லை என்பதை நானும் கவனிக்கவில்லை. எழுத்தாளனாம்... கூர்ந்து கவனிப்பவனாம்!

தலைமையாசிரியை கண்டிப்பானவர். ஐப்பசி மழைக்குள் வேலி போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மன்றத்துக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வேலி இல்லாமல் மழை பெய்தால் புதுத் தண்ணீரும் ஆட்டுக்குத்தான் போகும்.

மன்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மறுவாரம் ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

மறுபடியும் உண்டியல் தூக்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது? பொறுப்பாசிரியை ஒரு யோசனை சொன்னார். "மரக்கன்று நடப் போறோம்னு கேளுங்கம்மா. எல்லாரும் போடுவாங்க." நல்ல மனசோடுதான் சொன்னார். பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

ரிஸ்வானா ஒத்துக்கொள்ளவில்லை. "அதுவும் பொய்தான மிஸ்?" என்றாளாம்.

அட்டையில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிக்கொண்டாள் — 'ஊருணியின் முள்வேலியைத் தெரியாமல் அழித்துவிட்டோம். திரும்பப் போட உதவுங்கள்.'

நான் அந்தச் சனிக்கிழமை கடைவீதிக்குப் போயிருந்தேன். உதவி செய்ய இல்லை, வேடிக்கை பார்க்க. ஒரு ஜவுளிக்கடை ஓரமாக, என்னை யாரும் பார்த்துவிடாதபடி நின்றுகொண்டேன். ஒன்பது பெண்களும் வெயிலில் அட்டையைப் பிடித்து நின்றார்கள். அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பையன் செல்போனில் படம் பிடித்தான். ஒரு மணி நேரம் உண்டியலில் சத்தமே இல்லை. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

இரும்புக்கடை அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

"ஏம்மா, போன தடவ முள்ளப் பிடுங்கக் காசு கேட்டீக, குடுத்தேன். இப்ப வேலி போடவா? அடுத்த மாசம் வேலியப் பிடுங்க வருவீகளோ?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்வானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நகரவில்லை.

"இல்ல அண்ணாச்சி. போன தடவ தண்ணி எடுக்குறவுகளக் கேக்காமப் பண்ணிட்டோம். இந்தத் தடவ அவுக வீடு வீடாப் போய் உக்காந்து கேட்டுட்டுத்தான் வாரோம். எங்க கால் ஊன்றது, எங்க கதவு வைக்கிறதுன்னு அவுகதான் சொன்னாக. கல்லுக்காலும் வலைக்கம்பியும் வேணும்."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை இன்னொரு முறை வாசித்தார்.

"நாப்பது வருசமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன். வசூலுக்கு வராத ஆளு இல்ல. தப்புப் பண்ணிட்டோம்னு எழுதிக்கிட்டு வந்தது நீங்கதாம்மா. வலைக்கம்பிய அடக்க வெலைக்குத் தாரேன். கல்லுக்காலுக்கு நீங்க தேத்துங்க."

அதற்குப் பிறகு உண்டியலில் சத்தம் கேட்டது. பூக்கடையில் போட்டார்கள், பரோட்டாக் கடையில் போட்டார்கள். திருச்சுழி, காரியாபட்டி சந்தைகளுக்கும் போனார்கள். நான்காவது சனிக்கிழமை மன்றத்தில் மறுபடி முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். வசூல் முடிகிற வரை, லீவு நாளில் இரண்டிரண்டு பேராகக் கரையில் கம்போடு நின்று ஆடு விரட்டினார்கள். மில் லீவு நாளில் பேச்சியம்மாளும் நின்றார். புரட்டாசிக் கடைசியில் வேலி முடிந்தது. கல்லுக்காலுக்குக் குழி தோண்டியது பாதி மாணவிகள், பாதி மில் பெண்கள்.

நான் என்ன செய்தேன்? உண்டியலில் ஐநூறு ரூபாய் போட்டேன். அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்யவில்லை. அந்த அட்டையில் இருந்ததை இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. பதினாறு வயசுப் பெண் நடுவீதியில் நின்று சொன்னதை எனக்கு ஒரு தாளில் எழுதத் தைரியம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீக்கடைச் சந்திப்புக்குப் பிறகு மனசு கேட்கவில்லை. போன திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். சிறப்பு விருந்தினராக இல்லை, மன்னிப்புக் கேட்க. பிள்ளைகளிடம் கேட்டும் விட்டேன். "பரவால்ல சார், எழுதிருங்க" என்றாள் ரிஸ்வானா. அவ்வளவு சுலபமாக முடிந்தது.

கிளம்பும் நேரம் வாசலில் பேச்சியம்மாள். இடுப்பில் ஒரு குடம். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அந்த ஊருக்கு ஒரு வாரமாக நல்ல மழை என்று பேப்பரில் பார்த்திருந்தேன்.

"ஊருணி நெறஞ்சிருச்சு. ஒரு ஆடு எறங்கல. புதுத் தண்ணி, பிள்ளைக குடிக்கட்டும்னு கொண்டாந்தேன்."

தலைமையாசிரியை கொஞ்சம் தயங்கினார். "காய்ச்சினதா...?"

"காய்ச்சி, வடிகட்டித்தான் டீச்சர் கொண்டாந்திருக்கேன். நாங்களும் நாலு எழுத்துப் படிச்சவுகதான்."

முதல் டம்ளர் ரிஸ்வானாவுக்கு. குடித்தாள். "உப்பே இல்லக்கா" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் பேச்சியம்மாளின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. சொல்வதற்கென்ன?

நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று கேட்டேன். "இவ்வளவு தூரம் குடத்தோட பஸ்ஸுல எப்படிம்மா வந்தீங்க?"

"எனக்கு ஓசி டிக்கெட்டு சார். தண்ணிக் கொடத்துக்குத்தான் லக்கேஜுன்னு காசு வாங்கிட்டாரு."

வாங்கட்டும்... எதற்கு டிக்கெட் போட வேண்டும் என்று தெரிந்த கண்டக்டர்!