சட்டத்துக்குள் செல்வி

ஊர் ஊராகப் போய் உழைக்கும் குடும்பங்களைப் படமெடுப்பது என் பிழைப்பு. புதுப்பட்டினம் கடற்கரையில் ஒரு குடும்பம் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் மீனைப் புரட்ட, எட்டு வயது செல்வி காக்கை விரட்டினாள். கேமராவைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தாள். எனக்கோ சோகம் வேண்டியிருந்தது.

"சிரிக்காத. அசையாம நில்லு" என்று அதட்டினேன். நின்றாள்.

அடுத்த மாதம் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பெருமையாக அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்த அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், உசுரோட கீற புள்ளைய செத்தவங்க மாதிரி கொண்ணாந்துகீறியே!"

அவளுக்குப் பின்னால் சுவரில், சிவப்பு பல்புக்குக் கீழே, மாலை போட்ட தாத்தா படம். அதே கறுப்பு வெள்ளை, அதே சட்டம், அதே சிரிக்காத முகம். அந்த வீட்டில் வேறு படமே இல்லை.

செல்வி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யம்மா, நான் எப்பம்மா செத்தேன்?"

வெளியே, விரட்ட ஆளில்லாமல், காக்கைகள் மீன்மேல் இறங்கிக்கொண்டிருந்தன.

"சிரிம்மா" என்று கெஞ்சினேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் அசையாமல் நின்றாள்.

அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்ட அந்தப் படம் இன்று என் அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கிறது. மாட்டவும் முடியவில்லை, எறியவும் கை வரவில்லை. அவள் சிரிப்பை நிறுத்தியவன் நான்தானே.