பூஜையில் வைத்த ரைபிள்

பகவதிக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அதெல்லாம் பழைய கதை. மூக்கு வரை போய்வர அதற்குப் பொறுமை கிடையாது, நாக்கிலேயே குடியிருக்கிறது. செகந்திராபாத்தில் எங்கள் ரைபிள் கிளப்பில் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் ரயில்வேக் குடும்பம். மல்காஜ்கிரியிலிருந்து என் மகள் மஹதியைச் சேர்க்கப் போன அன்றே எனக்குத் திட்டு விழுந்தது. காலித் துப்பாக்கிதானே என்று அதன் முன்னால் நடந்துவிட்டேன்.

"காலின்னு யார் சொன்னா? தொறந்து பாத்தீங்களா? நக்கோ சார், வேணாம், வெளிய நில்லுங்க."

ஒரு வாரம் அந்த அம்மாவை மனதுக்குள் வறுத்தெடுத்தேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கிளப் துப்பாக்கிகளை எல்லாம் அவரே திறந்து பார்த்து, தோட்டாவைச் சுடும் பாகமான போல்ட்டைக் கழற்றி அடுக்கினார். அவர் பூ வாங்கப் போன நேரத்தில், செயலாளர் அனந்தகிருஷ்ணன் தன் சொந்த ரைபிளைக் கொண்டுவந்து பூஜைப் பலகையின் நடுவில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை அசைக்கக் கூடாது. பகவதி வந்து முறைத்தார், காலியா என்று கேட்டார். காலிதான் என்று செயலாளர் சத்தியம் செய்தார். சாமிக்குப் பயந்து பகவதி அன்று ஒருநாள் அடுத்தவர் பேச்சை நம்பினார். எதிரே பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்ததும் செயலாளர்தான். ரைபிளுக்கு நேர் எதிரே இருந்தவள் மஹதி.

மறுநாள் கற்பூரம் காட்டி முடிந்ததும் பகவதி அந்த ரைபிளை எடுத்தார். முனையை மணல்மூட்டைப் பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். தோட்டா ஒன்று துள்ளிக் கீழே விழுந்தது.

செயலாளரின் சட்டையைப் பிடிக்க எனக்குக் கை பரபரத்தது. பகவதி மேகசினைத் திறந்து பார்த்தார். தோட்டா இருந்த இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஏன் சார் என்று கேட்டார்.

"வெறும் துப்பாக்கிய அம்மன் முன்னால வெச்சா தரித்திரம்மா. ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். யாரும் ட்ரிகரத் தொடலையே."

பகவதி போல்ட்டை மூடி, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டினார். விசையை யாரும் தொடவில்லை. உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசி டக்கென்று விழுந்தது. குறி தப்பாமல் இருக்கச் செயலாளர் விசையை யாரிடமோ கொடுத்துப் பூப்போல இளக்கி வைத்திருந்தாராம். பூவாம், மண்ணாங்கட்டி. பலகையை யாராவது இடித்திருந்தால் என் மகள் இல்லை.

பகவதி கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் போல்ட்டை உருவிச் செயலாளரின் கையில் வைத்தார். ரைபிளை நேற்று இருந்தபடியே பலகையில் வைத்தார். மஹதி இருந்த இடத்தைக் காட்டினார்.

"உக்காருங்க சார். போல்ட் உங்க கையிலதான் இருக்கு. இப்ப அது வெறும் இரும்புக் கொழாய்."

செயலாளர் பாய் வரை வந்தார். அதற்கு மேல் கால் மடங்கவில்லை. போல்ட்டை இறுகப் பிடித்தபடி நின்றார்.

"நேத்து என் புள்ளைங்க இங்கதான் உக்காந்து சுண்டல் தின்னுச்சிங்க சார்," என்றார் பகவதி.